பதினைந்தாவது ஃபைல்

வைரஸ் தேடும் புரோகிராம் தன் வேலையை முடித்ததும் ஒரு சின்ன அறிக்கை காட்டும். எத்தனை ஃபைல் பார்த்தேன், எத்தனையில் வைரஸ் இருந்தது, எத்தனையைச் சுத்தம் செய்தேன் என்று வரிசையாகச் சொல்லும். அதற்குக் கீழே பெரும்பாலும் யாரும் படிக்காத ஒரு வரி இருக்கும்: சோதிக்க முடியாதவை. திருவண்ணாமலையில் பல வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவன் நான். அந்த வரியைப் பார்த்துப் பயந்து ஓடி வந்தவர்களும் உண்டு, பார்க்காமலே விட்டவர்களும் உண்டு. இரண்டும் தேவையில்லை. ஏன் சோதிக்க முடியவில்லை என்று ஒவ்வொரு ஃபைலாகக் கேட்டால் போதும், பதில் கிடைத்துவிடும்.

2003ஆம் வருஷம் ஆயுத பூஜை அன்று, சின்னக்கடைத் தெருவில் அன்வர் பாஷா பாயின் பிரௌசிங் சென்டரில், அந்த வரியில் பதினான்கு என்று இருந்தது. அதற்கு மேல் பதினைந்தாவதாக ஒன்றும் இருந்தது. அதைச் சோதிக்க முடிந்திருந்தது, உள்ளே வைரஸ் இருப்பதும் தெரிந்திருந்தது, ஆனால் சுத்தம் செய்ய முடியவில்லை. நான் சொல்ல வந்தது அந்தப் பதினைந்தாவதைப் பற்றி.

அந்தக் கடையில் மெயில் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடைக்கு ஒரே ஒரு ஈமெயில் விலாசம். அதையே சுற்றுவட்டாரத்தில் நாற்பது பேர் தங்கள் விலாசமாகக் கொடுத்து வைத்திருந்தார்கள். கடையில் வேலை பார்த்த பொன்னி காலையில் வந்ததும் டெலிபோன் லைனில் மோடத்தைப் போட்டு, வந்த மெயில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறக்கிவிட்டு லைனை வெட்டிவிடுவாள். பிறகு ஒவ்வொருவராக வந்து தங்களுடையதைப் பார்த்துக்கொள்வார்கள். வெளியூர் சர்வரில் நமக்குக் கொடுத்த இடம் ரொம்பக் கம்மி. அதனால் இங்கே இறங்கின மெயில் அங்கே அழிந்துவிடும்படி செட்டிங் போட்டிருந்தது. தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு தபால் ஆபீசில் போய் அதைத் தேட முடியாது அல்லவா, அந்த மாதிரி. ஒரே ஒரு பிரதி, அதுவும் அந்தக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்து மெஷினில்.

நாற்பது பேரில் ஒருத்தி சரசு. பின்சந்தில் இட்லிக் கடை வைத்திருந்தாள். அவள் மகள் கவிநிலாவுக்குப் பத்து வயது, பிறவியிலேயே காது கேட்காது. ஒன்றரை வருஷத்துக்கு முன்பு மெட்ராஸில் காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு பள்ளிக்கூடத்தில், ஹாஸ்டலில் சேர்த்திருந்தார்கள். காது கேட்காத பிள்ளையிடம் போனில் பேச முடியாது. கடிதம் எழுதும் அளவுக்கு அப்போது எழுத்தும் வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு யாரோ கம்ப்யூட்டர்கள் கொடுத்தார்கள். ஒரு டீச்சர் பிள்ளைகளை மவுஸால் படம் வரையவிட்டு, அதை மெயிலில் இணைத்து வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார். வாரம் ஒன்று வந்தது. வீடு, ஆடு, மலை, மலைக்கு மேலே நட்சத்திரம். முதலில் படம் மட்டும். பிறகு படத்துக்குக் கீழே, மவுஸால் கோணல் மாணலாக இழுத்த ஒற்றைச் சொல். ஆடு. அம்மா. மழை. சரசு திங்கட்கிழமை மதியம் கடையை மூடிவிட்டு வந்து நின்றபடியே பார்ப்பாள். பாயின் பிரிண்டர் ஊசியால் குத்தி அச்சடிக்கும் பழைய ரகம். எழுத்து வரும், படம் வெறும் கறுப்புத் திட்டாக வரும். அதனால் பிரிண்ட் எடுக்கவே இல்லை. பள்ளிக்கூடத்திலும் ஒரு பிள்ளை வரைந்து அனுப்பியதும் டீச்சர் அதை அழித்துவிடுவார், அடுத்த பிள்ளைக்கு இடம் வேண்டும்.

செப்டம்பர் முதல் வாரம் வரை முப்பத்தெட்டுப் படங்கள் வந்திருந்தன. பிறகு மழையில் எங்கேயோ கேபிளில் தண்ணீர் இறங்கி, கடையின் டெலிபோன் மூன்று வாரம் செத்துக் கிடந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் லைன்மேன் வந்து சரிசெய்தார். பூஜை அன்று காலையில் பொன்னி மெயில் இறக்கியபோது கவிநிலாவிடமிருந்து மூன்று படங்கள் சேர்ந்து வந்தன.

அன்றைக்கு அந்தப் படங்கள் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், சரசுவின் புருஷன் பரசுராமன் மறுநாள் விஜயதசமி அன்று மகளை அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடிவு செய்திருந்தார். அங்கேதான் அவர்கள் வீடு. தீபாவளிக்கு வரும் பிள்ளையைத் திரும்ப அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டார். விஜயதசமி அன்று சேர்க்கைக்காகத் தலைமையாசிரியர் நாலு மணி வரை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பார். சரசு ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்: போவதற்கு முன்னால் பாய் கடைக்கு வந்து, அவள் அனுப்பினதை முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை பாருங்கள், பிறகு உங்கள் இஷ்டம். அவர் பத்து மணிக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

நான் ஆயுத பூஜை அன்று பன்னிரண்டு மணிக்குக் கடைக்குப் போனேன். வேலைக்கு இல்லை, பொரி சாப்பிட.

"வாங்க மாறன். பொரி இருக்குது, கடலை இருக்குது, வாழைப்பழம் இருக்குது. வேலை மட்டும் கேக்காதீங்க, இன்னைக்கு லீவு" என்றார் பாய். ஆயுத பூஜைக்கு அந்தத் தெருவில் அவர் கடையில்தான் ஏற்பாடு ஜாஸ்தி. செய்வது பொன்னி. சாமான் வாங்கிக் கொடுப்பதும், பூஜை முடிந்தபின் மெஷின் பக்கம் ஒருத்தரையும் அண்டவிடாமல் காவல் இருப்பதும் பாய்.

நாலு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். மெயில் மெஷினுக்கு மட்டும் மானிட்டர் மேல் சாமந்தி மாலை. அதன் கீபோர்டு மேல் ஒரு சிலேட்டு இருந்தது. கவிநிலா மெட்ராஸுக்குப் போகுமுன் வைத்திருந்த சிலேட்டு, சரசு பூஜைக்குக் கொண்டுவந்து வைத்தது. மற்ற மூன்று மெஷினும் அணைந்திருக்க, இது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இது ஏன் ஆன்ல இருக்குது?" என்று கேட்டேன்.

"ஸ்க்ரீன்ல அண்ணாமலையார் படம் வெச்சிருக்கேன் சார். அணைச்சுட்டா சாமி எப்படித் தெரியும்?" என்றாள் பொன்னி. "கற்பூரம் காட்டியாச்சு. இனிமே நாளைக்குக் காலையில மறுபூஜை போட்டுத்தான் தொடணும். உள்ளகூட சுத்தம் பண்ணிட்டேன்."

"உள்ளன்னா?"

"வைரஸ் ஸ்கேன் போட்டேன். வெளியில மட்டும் துணி போட்டுத் தொடச்சா போதுமா? பஸ்ஸு லாரிக்கெல்லாம் எஞ்சின் வரைக்கும் கழுவுறாங்க இல்ல."

நியாயம்தான். ஆறு மாதமாக யாரும் செய்யாத வேலை அது. அண்ணாமலையார் படத்துக்கு மேலேயே அறிக்கை சின்னப் பெட்டியாகத் திறந்திருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து படித்தேன். சோதிக்க முடியாதவை பதினான்கு. அந்தப் பட்டியல் ஓரமாகத் தெரிந்தது. மூன்று, விண்டோஸ் தானே உபயோகித்துக்கொண்டிருந்த ஃபைல்கள். ஓடிக்கொண்டிருக்கும் மாவு மிஷினுக்குள் கையைவிட்டுப் பார்க்க முடியாத மாதிரி, அவற்றை வேறு புரோகிராம் திறக்க முடியாது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. பத்து, பாஸ்வேர்டு போட்டுச் சுருக்கி வைத்த ஜிப் ஃபைல்கள். பூட்டின பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. திறந்தால்தான் ஆபத்து, திறக்காதவரை சும்மா கிடக்கும். ஒன்று உடைந்துபோன பழைய ஃபைல்.

"பாய், இந்தப் பத்து ஜிப்பும் யாரோடது?"

"என்னுதுதான். கல்யாணப் பத்திரிகை டிசைனு. எதிர்க் கடைக்காரன் காப்பி அடிக்கிறான்னு பூட்டி வெச்சேன்."

"பாஸ்வேர்டு?"

"அதான் ஞாபகம் வரல. இப்ப அவனும் அடிக்க முடியாது, நானும் அடிக்க முடியாது."

பட்டியலின் மேல்பகுதியில் வைரஸ் இருந்த மூன்று ஃபைல்கள். இரண்டை அழித்தாகிவிட்டது. மூன்றாவதற்கு, அதாவது நான் சொன்ன பதினைந்தாவதற்கு, நேரே 'சுத்தம் செய்ய இயலவில்லை. அடுத்த முறை தொடங்கும்போது நீக்கப்படும்' என்று இங்கிலீஷில் இருந்தது. அந்த ஃபைலின் பெயர் நீளம். பாதியைக் கட்டம் முழுங்கிவிட்டது, மீதியை மாலை மறைத்தது.

"மூணாவதுக்கு என்ன கேட்டுச்சு?"

"அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். வைரஸைப் போய் யாராவது வெச்சுக்குவாங்களா?"

மேலே சுழன்ற ஃபேன் காற்றில் மாலை ஆடியது. ஒரு சாமந்தி விலகியபோது அந்தப் பெயரின் கடைசித் துண்டைப் பார்த்தேன். இன்பாக்ஸ்.

இதை விளக்க வேண்டும். மெயில் புரோகிராமில் ஒவ்வொரு மெயிலும் தனித்தனியாகத் தெரியும். ஹார்ட் டிஸ்கில் அப்படி இல்லை. வந்த மெயில், அதோடு ஒட்டி வந்த படம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஃபைலுக்குள் போய்ச் சேரும். அதன் பெயர்தான் இன்பாக்ஸ். நாற்பது பேரில் யாருக்கோ வந்த ஒரு குப்பை மெயிலில் வைரஸ் ஒட்டியிருந்திருக்கிறது. தேடும் புரோகிராமுக்கு மூட்டைக்குள் கெட்ட தானியம் இருப்பது தெரிந்துவிட்டது. ஆனால் மூட்டையின் தையலைப் பிரித்து அதை மட்டும் பொறுக்கி எடுத்துத் திரும்பத் தைக்க அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது மூட்டையோடு தூக்கி எறிவதுதான். உடனே எறிந்திருக்கும். மெயில் புரோகிராம் திறந்திருந்ததால் மூட்டையின் மறுமுனையை அது பிடித்துக்கொண்டிருந்தது, எறிய முடியவில்லை. இந்த மாதிரிச் சமயத்தில் விண்டோஸில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எதையும் பிடிக்காத நேரம் ஒன்றுதான், மெஷின் தொடங்கும் அந்தச் சில விநாடிகள். அப்போது செய்ய வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை தொடங்கும்போது விண்டோஸ் முதல் வேலையாகச் சீட்டைப் படித்து அதன்படி செய்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கும். யார் எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்று கேட்காது.

இதைச் சொல்லி முடிக்கும்போது சரசு சுண்டல் தூக்கோடு வாசலில் நின்றிருந்தாள்.

"அப்ப பாப்பா படம் எல்லாம் போயிடுச்சா மாறண்ணா?" என்றாள்.

"இல்லக்கா, இருக்குது. மெஷின் திரும்ப ஸ்டார்ட் ஆனாத்தான் போகும்."

பொன்னியின் கையில் பொரித் தட்டு இருந்தது. அதைக் கீழே வைத்தாள். "இன்னைக்கு வந்த மூணையும் நான் பார்த்தேன்க்கா. முழு முழு வாக்கியமா எழுதியிருக்கா. நாளைக்கு அண்ணன் வர்றப்ப நீயும் சேர்ந்து பார்க்கலாம்னு சொல்லாம இருந்தேன்."

"ரெண்டு நிமிஷ வேலை" என்றேன். "மெயில் புரோகிராமை மூடிட்டு, அந்தச் சீட்டுல இருக்கிற வரியை அழிச்சுட்டா ஆச்சு."

பொன்னி பாயைப் பார்த்தாள். பாய் சரசுவைப் பார்த்தார்.

"பூஜை பண்ணினது பொன்னி. சிலேட்டு வெச்சது நீ. நீங்க ரெண்டு பேரும் சொன்னா நான் குறுக்கே நிக்கல" என்றார்.

சரசு கீபோர்டு மேல் இருந்த சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ படிப்பு நிக்கக் கூடாதுன்னு கும்பிட்டு வெச்சேன். அதை இன்னைக்கே எடுத்துக் கலைக்க மனசு வரல. நாளைக்குக் காலை வரைக்கும் இது இப்படியே ஓடாதா?"

"ஓடும். கரண்டு இருக்கிற வரைக்கும்" என்றேன்.

சொல்லி வைத்த மாதிரி இல்லை, ஒரு மணி ஆனதும்தான் கரண்டு போனது. ஃபேன் நின்றது. மேசைக்கு அடியில் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அதன் பேட்டரி பழசு, கால் மணி தாங்கும்.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. அது அந்தக் காலத்துப் பெட்டி. முன்னால் இருக்கும் பொத்தான் அழுத்தினால் உள்ளே போய் அப்படியே நின்றுகொள்ளும், வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி. கரண்டு போய்த் திரும்பி வந்தால், பொத்தான் உள்ளேயே இருப்பதால் மெஷின் தானாகத் தொடங்கிவிடும். அதாவது பேட்டரி தீர்ந்து அணைந்து, கரண்டு வந்ததும் அதுவே எழுந்து, சீட்டைப் படித்து, மூட்டையைத் தூக்கி எறிந்துவிடும். யாரும் கையால் தொட வேண்டியதே இல்லை.

நான் கீழே குனிந்து யூபிஎஸ்ஸைப் பார்த்தேன். தூசி படிந்திருந்தது. பொட்டு இல்லை.

"பொன்னி, இதுக்குப் பூஜை போட்டியா?"

அவளும் குனிந்து பார்த்தாள். "அடடா. மேசைக்குக் கீழ இருந்ததால மறந்துட்டேன் சார்."

"அப்ப இதைத் தொடலாம் இல்ல?"

பாய் சிரித்துவிட்டார். "இருக்கிற சாமான்ல அது ஒண்ணுதான் இன்னைக்கு நம்ம கட்சி."

யூபிஎஸ்ஸை அணைத்தேன். திரையில் அண்ணாமலையார் மறைந்தார். யூபிஎஸ்ஸின் பிளக்கையும் பிடுங்கி வெளியே போட்டேன். இனி கரண்டு வந்தாலும் மெஷினுக்குப் போகாது. மறுநாள் காலையில் ஒரு ஃப்ளாப்பியைப் போட்டு, விண்டோஸ் எழுவதற்கு முன்பே உள்ளே நுழைந்து, சீட்டைக் கிழித்துவிடலாம். மெஷினைத் தொடவில்லை, மாலை கலையவில்லை, சிலேட்டு நகரவில்லை. எனக்கு என் மேலேயே மதிப்பு வந்தது. சுண்டல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பொன்னி மறுபூஜை போட்டு மாலையை எடுத்தாள். சரசு சிலேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் ஃப்ளாப்பியைப் போட்டு மெஷினைத் தொடங்கினேன். கறுப்புத் திரை வந்தது. அந்தச் சீட்டு வெறும் எழுத்து ஃபைல்தான், யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். உள்ளே ஒரே ஒரு வரி. இடது பக்கம் 'ஒன்றுமில்லை' என்று அர்த்தப்படும் ஒரு குறி, நடுவில் சமக்குறி, வலது பக்கம் இன்பாக்ஸின் முழு விலாசம். இதை ஒன்றுமில்லாததாக ஆக்கு என்று பொருள். இவ்வளவு பெரிய வேலைக்கு இவ்வளவு சின்ன வரி. அழித்தேன்.

பிறகு டிஸ்க்கைச் சரிபார்க்கும் புரோகிராமை ஓட்டினேன். அது பாதியில் நின்று, எந்த ஃபைலுக்கும் சொந்தமில்லாத துண்டுகள் கிடக்கின்றன, என்ன செய்யட்டும் என்று கேட்டது. எடுத்துத் தனியாக வை என்றேன்.

விண்டோஸ் எழுந்தது. மெயிலைத் திறந்தேன். கவிநிலா பெயரில் முப்பத்தெட்டு இருந்தன. முந்தின நாள் காலை வந்த மூன்றும் இல்லை.

அதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு ஃபைல் எவ்வளவு நீளம் என்பதை டிஸ்க் ஒரு தனி அட்டவணையில் குறித்து வைக்கும். ஃபைலில் புதிதாக ஒன்று சேரும்போது நீளம் உடனே அட்டவணையில் மாறும் என்பதில்லை. பல சமயம் அந்த ஃபைலை ஒழுங்காக மூடும்போதுதான் மாறும். மெயில் புரோகிராம் திறந்தபடி இருக்கும்போதே நான் கரண்டை வெட்டிவிட்டேன். மூன்று படமும் டிஸ்கில் எங்கேயோ கிடந்தன. ஆனால் அட்டவணையில் இன்பாக்ஸ் அவை வருவதற்கு முன்பிருந்த நீளத்திலேயே முடிந்துவிட்டது. யூபிஎஸ்ஸுக்குப் பொட்டு இல்லாததைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேன், அவர்கள் வேறு மாதிரி முடிவு செய்திருக்கலாம்.

இதை அப்படியே சரசுவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அப்ப முழுசா எழுதினது எதுவும் இல்லையா?" என்றாள்.

"தனியா எடுத்து வெச்ச துண்டுக்குள்ள இருக்கணும்க்கா. ஆனா பிரிச்சு எடுக்க நாளாகும். பத்து மணிக்குள்ள ஆகாது."

"பொன்னி பார்த்தேன்னு சொல்லுதே."

"அவரு பொன்னி சொன்னா ஒத்துக்குவாரா?"

"நான் சொன்னாலே ஒத்துக்க மாட்டாரு" என்றாள் சரசு.

முப்பத்தெட்டையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வேறு ஃபோல்டரில் போட்டேன். அதன் பிறகுதான் வைரஸ் மெயிலை அழித்தேன். மெயிலை அழித்தால் மட்டும் போதாது. பட்டியலிலிருந்து பெயர் போகுமே தவிர, சரக்கு இன்பாக்ஸுக்குள்ளேயே கிடக்கும். அதைச் சுருக்கு என்று தனியாகச் சொன்னால்தான் உண்மையில் வெளியேறும். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுவார்கள். சுருக்கும்போது ஏதாவது தவறினால் மொத்தமும் போகும், அதனால்தான் படங்களை முதலில் வெளியே எடுத்தது.

பத்து மணிக்குப் பரசுராமன் தன் ஆட்டோவைத் தெருவின் எதிர்ப் பக்கம் நிறுத்திவிட்டு வந்தார். காக்கிச் சட்டையில் குங்குமக் கறை. ஸ்டாண்டில் முந்தின நாள் பூஜை. பாய் நாற்காலி போட்டார். உட்காரவில்லை.

"சட்டுனு காட்டுங்க. ஹெச்செம்மைப் பார்க்கணும்" என்றார்.

முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். வீடு. ஆடு. மலை. சரசு பக்கத்தில் நின்று, இது ஜனவரி, இது பொங்கலுக்கு அப்புறம், இதுலதான் முதல்ல அம்மான்னு எழுதினா என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இருபதுக்கு மேல் அவள் பேச்சு நின்றுவிட்டது. முப்பத்தெட்டாவது படத்தில் ஒரு குடை, கீழே 'மழை'.

"அவ்ளோதானா?" என்றார் பரசுராமன்.

"இன்னும் மூணு இருந்துச்சுண்ணே. நேத்து வந்துச்சு. முழுசா எழுதியிருந்தா, நான் படிச்சேன்" என்றாள் பொன்னி.

"எங்க?"

"என் தப்பால போயிடுச்சு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "ஒன்றரை வருஷத்துல ஒத்தை வார்த்தை. இதை இங்கயே நம்ம வாத்தியாரு கத்துக் குடுத்திருப்பாரு. தெனம் சாயங்காலம் கண்ணு முன்னாடி இருக்கும். மெட்ராஸ்ல அது சாப்பிட்டுச்சா தூங்கிச்சான்னுகூட நமக்குத் தெரியல."

அவர் சொன்னதில் தப்பில்லை. சரசு சிலேட்டைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

கிளம்பத் திரும்பினவர், நின்றார். "அந்த வீடு போட்டது, அதைத் திரும்பக் காட்டு தம்பி."

காட்டினேன். வீட்டுக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு வண்டி.

"ஆட்டோ போட்டிருக்கா."

"நெறைய படத்துல இருக்குதுண்ணே" என்றேன். திரும்ப ஒரு சுற்று காட்டினேன். மலைப் படத்தில், ஆட்டுப் படத்தில், மழைப் படத்தில் குடைக்குப் பின்னால். பதினேழு படங்களில் ஆட்டோ இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி, ஓட்டுகிறவருக்கு மீசையோடு.

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். விரலால் எண்ணினார். "எல்லாத்துலயும் ரெண்டு சக்கரம்தான் போட்டிருக்கா. ஆட்டோவுக்கு மூணு. எட்டு வயசு வரைக்கும் தெனம் அதுல ஏறி எறங்கினவதானே, இதுகூடத் தெரியலியே" என்றார். குரலில் குறைதான் இருந்தது. ஆனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்களே கேளுங்களேன்" என்றார் பாய்.

"என்னாத்தைக் கேக்குறது, காது கேக்காத புள்ளையை."

"காதால இல்ல. இதுல எழுதிக் கேளுங்க."

படம் வரையும் புரோகிராமைத் திறந்து மவுஸை அவர் கையில் கொடுத்தேன். ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி முறுக்கிப் பிடித்தார். அம்புக்குறி திரையின் மூலைக்கு ஓடியது. இறுக்கிப் பிடிக்காமல் சும்மா மேலே கை வைக்கச் சொன்னேன். அரை மணி நேரம் ஆனது. மகள் வரைந்த மாதிரியே ஓர் ஆட்டோ, கீழே மூன்று சக்கரம் வரிசையாக, ரயில் பெட்டி போல. அதற்குக் கீழே, 'சக்கரம் 3. நீ ஏன் 2?' அவர் எழுத்து கவிநிலாவின் எழுத்தைவிட மோசமாக இருந்தது. சரசு சிரித்ததை அவர் கவனித்தார்.

பொன்னி அதை இணைத்து அனுப்பினாள். மோடம் கீச்சிட்டது, இரைந்தது, அடங்கியது. பொன்னி ஹாஸ்டல் டீச்சருக்குப் போன் போட்டுச் சொன்னாள். விஜயதசமி என்பதால் அங்கேயும் பிள்ளைகளைக் கொஞ்ச நேரமாவது பாடத்தில் உட்காரவைப்பார்கள், கம்ப்யூட்டர் அறை திறந்திருந்தது.

"பதில் எப்ப வரும்?" என்றார் பரசுராமன்.

"சொல்ல முடியாதுங்க."

"நாலு மணிக்குள்ள வந்தா பார்க்குறேன்."

ஸ்டாண்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. மெயில் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டார். சொன்னேன். சர்வர் என்றால் என்ன என்று கேட்டார். அதையும் சொன்னேன். நல்ல கேள்விகள் கேட்டார். சரசு இட்லிக் கடையிலிருந்து எல்லாருக்கும் சாப்பாடு கொண்டுவந்தாள். பொன்னி மணிக்கு ஒரு தடவை லைன் போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு இல்லை. ஒன்றுக்கு ஒரு லாட்ஜுக்கு வந்த மெயில். இரண்டுக்கு இல்லை.

மூன்று மணிக்கு ஒன்று இறங்க ஆரம்பித்தது. நாலு நிமிஷம் ஆனது. அந்த நாலு நிமிஷமும் பரசுராமன் திரையில் நீலக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே படத்தில் இரண்டு ஆட்டோ. இடது பக்கம் பழைய மாதிரியே பக்கவாட்டில், இரண்டு சக்கரத்தோடு. வலது பக்கம் பின்னாலிருந்து பார்க்கிற மாதிரி: முதுகு, நம்பர் பிளேட், கீழே இரண்டு சக்கரம், நடுவில் வயிற்றுக்கு அடியில் முன்சக்கரத்தின் கொஞ்சம். கீழே மூன்று வரி.

'ஒரு சக்கரம் அந்தப் பக்கம் இருக்கு. இங்க நின்னா தெரியாது. அப்பா நடந்து போய் பார்.'

பரசுராமன் உதட்டை அசைத்து இரண்டு தடவை படித்தார். எழுந்து வாசலுக்குப் போனார். எதிரே அவர் ஆட்டோ பக்கவாட்டில் நின்றிருந்தது. கடை வாசலில் இருந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தெருவைக் கடந்து, வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய் நின்றார்.

"இன்னா பண்றாரு?" என்றார் பாய்.

"சரிபார்க்குறாரு" என்றேன்.

அவர் திரும்ப உள்ளே வரவில்லை. அங்கிருந்தே சரசுவைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் ஏறியதும் வண்டி கிளம்பி, தெருமுனையில் இட்லிக் கடைப் பக்கம் திரும்பியது. அடி அண்ணாமலைக்கு அது வழி இல்லை. மணி மூன்றேகால்தான்.

தனியாக எடுத்து வைத்த துண்டுகளிலிருந்து தீபாவளிக்குள் ஒன்றரைப் படம் மீட்டேன். பாதிப் படத்தில் மேல்பகுதி மட்டும் இருந்தது: வானம், ஒரு பஸ்ஸின் கூரை. கீழே என்ன எழுதியிருந்தாள் என்று தெரியவில்லை. பொன்னிக்கும் ஞாபகம் இல்லை. தீபாவளிக்கு வந்த கவிநிலாவிடம் அதைக் காட்டினோம். சிலேட்டில் பஸ்ஸின் மீதியை வரைந்து கொடுத்துவிட்டு, லீவு முடிந்ததும் மெட்ராஸுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்குப் பொன்னி ஸ்கேன் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டாள். அறிக்கையில் சோதிக்க முடியாதவை பதிமூன்று என்று வந்தது. அந்த உடைந்த ஃபைலை நான் முன்பே அழித்துவிட்டிருந்தேன். மூன்றும் பத்தும் அப்படியே இருந்தன. பாய்க்கு இன்னும் பாஸ்வேர்டு ஞாபகம் வரவில்லை. யூபிஎஸ்ஸுக்கு அந்த வருஷம் பெரிய பொட்டாக வைத்திருந்தாள்.